பெயரின் வாலில் மூன்று கோடுகள்

வட்டம் என்று ஒன்றைக் கண்டாலே கத்தரியாருக்கு ஆகாது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டு சதுரம், சுவர்க் கடிகாரம் சதுரம், மூக்குக் கண்ணாடி சதுரம். முழு நிலா வருகிற நாளில் மனுஷர் ஜன்னலைச் சாத்திவிடுவார் என்று அவர் மனைவி சொல்வாள். அதை முழுப் பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

அவருடைய தொழில் எழுத்துரு வரைவது. கணினியில் நாம் பாட்டுக்குத் தட்டுகிறோமே, அந்த எழுத்துகளுக்கு உடம்பு செய்து கொடுக்கிற வேலை. அவர் வரைந்த எழுத்துருவின் பெயர் 'நாளை'. விண்கலத்தில் ஏறி வேறு கிரகத்துக்குக் குடிபோகிறவர்கள் வாசலில் மாட்டிக்கொள்கிற பெயர்ப்பலகை எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். எல்லாம் நேர்கோடு, எல்லாம் வெட்டு. மூலை வருகிற இடத்தில் கத்தியால் சீவினதுபோல ஒரு சாய்வு. தேடினாலும் ஒரு வளைவு கிடைக்காது.

ஆங்கில எழுத்தில் இதைச் செய்வது பெரிய காரியமில்லை. தமிழில் செய்ய வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பிடிவாதம் வேண்டும். சுழி, கொக்கி, வளையம், குடுமி என்று இவ்வளவு கோலத்தோடு திரிகிற கூட்டத்தை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. அந்தக் கூட்டத்தை ஒவ்வொன்றாக இழுத்து உட்காரவைத்து, முடி வெட்டி, கூன் நிமிர்த்தி, இடுப்பை மடக்கி, ராணுவத்தில் சேர்த்தார் கத்தரியார். அந்தப் பெயர் அவருக்கு வந்ததும் அப்படித்தான். 'ட'வும் 'ப'வும்தான் சொன்ன பேச்சைக் கேட்டன. பிறவியிலேயே அவற்றுக்கு வளைவு கிடையாது. 'ஐ' ஏழு மாதம் படுத்தியது. 'ஞ' கடைசியில் ஒரு மடக்கு நாற்காலி மாதிரி ஆகிவிட்டது; நம்பி உட்கார்ந்தால் தாங்கும் என்றுதான் தோன்றும். 'ழ'வை அவர் இருநூறு தடவை வரைந்து இருநூறு தடவை அழித்தார். அந்த வருஷம் அவர் தூக்கத்தில் பேசினதெல்லாம் ழகரமாகவே இருந்ததாம்.

ஆனால் விற்றது. உடற்பயிற்சிக் கூடம் திறந்தவனெல்லாம் 'நாளை'யில்தான் பலகை எழுதினான். மோட்டார் சைக்கிள் டேங்க், செல்போன் உறைக் கடை, காவலாளிகளை வேலைக்கு அனுப்புகிற கம்பெனி, குடித்தால் இறக்கை முளைக்கும் என்று சத்தியம் செய்கிற பானம், ராட்சத எந்திரங்கள் ஊரை மிதிக்கிற சினிமா எல்லாவற்றிலும் அதுதான். தசையோ வேகமோ மின்சாரமோ எங்கே இருக்கிறதோ, அங்கே 'நாளை' இருக்கும். இருக்கக் கூடாத இடத்திலும் இருந்தது. யாரோ ஒரு புத்திசாலி அதில் கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டான். மணமகன் பெயரும் மணமகள் பெயரும் எதிரெதிரே நின்றதைப் பார்த்தால், எத்தனை மணிக்கு மோதல் என்று கேட்கத் தோன்றியது. கத்தரியார் அந்தப் பத்திரிகையை நாலாய் மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். வெட்கமா பெருமையா என்று அவருக்கே தெரியவில்லை.

அவர் மனைவி தையற்காரி. கழுத்து வளைவும் கை வளைவும் அவளுக்குச் சோறு போடுகிறவை.

"வளைவே இல்லாம ஒரே ஒரு சட்டை தைச்சுக் காட்டுங்க பாப்போம்," என்பாள். "போட்டுக்கிட்டு நாலு தெரு நடந்துட்டு வாங்க. அப்புறம் உங்க எழுத்தை நான் ஒத்துக்கறேன்."

"சட்டைக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டும் மனுஷன் மேல படறதுதானே. உங்களது கீறும்."

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எழுத்துரு வரைகிற ஒவ்வொருவரும் ஒரு சோதனைச் சொல் வைத்திருப்பார்கள். புதிதாக எதை மாற்றினாலும் முதலில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். கத்தரியாருடைய சோதனைச் சொல், அவர் மகனுடைய மூன்றெழுத்துப் பெயர். 'நாளை'யில் முதலில் பிறந்தவை அந்த மூன்று எழுத்துகள்தான். மற்ற இருநூற்று நாற்பத்து நாலும் அவற்றிலிருந்து கையெடுத்துக் காலெடுத்து ஒட்டவைத்தவை. முதல் எழுத்தின் தோள்தான் 'க'வுக்கும் 'ச'வுக்கும் தோள். கடைசி எழுத்தின் கால்தான் 'ர'வுக்குக் கால். ஊரில் எந்த உடற்பயிற்சிக் கூடத்தின் பலகையை அண்ணாந்து பார்த்தாலும் அதில் பையனுடைய ஏதோ ஓர் அங்கம் தொங்கும்.

பையனுக்கு வீட்டில் ராக்கெட் என்று பெயர். வாசலிலிருந்து குளியலறைக்குப் போவதென்றாலும் அவன் நடந்து யாரும் பார்த்ததில்லை. ஒன்பது வயதில் ஒரு நாள் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையில் இருந்த தன் பெயரைக் கண் கொட்டாமல் பார்த்தான்.

"அப்பா, இது பறக்குமா?"

"பறக்கற மாதிரிதானே வரைஞ்சிருக்கேன்."

"பின்னாடி நெருப்பே இல்லையே. நெருப்பு இல்லாம எப்படிப் பறக்கும்?"

நியாயமான கேள்வி. கத்தரியார் இரண்டு நாள் யோசித்தார். அப்புறம் கடைசி எழுத்தின் வாலில், சாய்வாக மூன்று கோடுகள் போட்டார். ஒன்றைவிட ஒன்று குட்டை. ராக்கெட்டின் பின்னால் சீறுகிற நெருப்பு. அதை எழுத்துருவுக்குள் ஒளித்தும் வைத்தார். வேறெந்தச் சொல்லில் அந்த எழுத்து வந்தாலும் வால் வராது. அந்த மூன்று எழுத்தையும் அதே வரிசையில் யாராவது தட்டினால் மட்டும், அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பின்னால் நெருப்பு கக்கும்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது," என்றார்.

"அம்மாகிட்ட?"

"அம்மாகிட்டயும்தான்."

பையன் உள்ளங்கையில் எச்சில் தொட்டுச் சத்தியம் செய்தான். அப்பாவும் செய்தார்.

அதே பெயர் வேறு யாருக்கும் இருக்காது என்று எழுத்து வரைகிறவர் ஒருவர் நினைத்தார் பாருங்கள், அதுதான் தகப்பன் புத்தி. எங்கிருந்தோ ஒரு பல் டாக்டர் கடிதம் எழுதினார். என் பலகையில் பெயருக்குப் பின்னால் ஏதோ பற்றி எரிகிறது, பல் பிடுங்க வருகிறவர்கள் படியிலேயே திரும்பிப் போகிறார்கள் என்று. உங்கள் கணினியில் கோளாறு, கடைசி எழுத்துக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டுத் தட்டுங்கள் என்று கத்தரியார் பதில் போட்டார். மறுநாள் அப்பனும் பிள்ளையும் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். என்னவென்று கேட்டாள். இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

ராக்கெட் வளர்ந்தான். கல்யாணமானது. தனி வீடு போனான். பள்ளிப் புத்தகம் போடுகிற ஒரு நிறுவனத்தில் பக்கங்களை வடிவமைக்கும் பிரிவுக்குத் தலைவனாக உட்கார்ந்தான். சின்னப் பிள்ளைகளுக்கான வாசிப்புப் புத்தகம் பத்துப் பாகம் புதிதாகப் போடப்போகிறார்கள், எழுத்துரு தேர்ந்தெடுக்கிறவன் என் மகன் என்று கத்தரியார் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். வந்த தபால்காரரைக்கூட உட்காரவைத்துச் சொன்னார். எந்த எழுத்துரு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

ராக்கெட் வேறொருவருடைய எழுத்தைத் தேர்ந்தெடுத்தான். உருண்டையாக, கன்னம் உப்பி, பால் குடித்துவிட்டுத் தூங்குகிற மாதிரி இருந்த எழுத்து. அதைச் சொல்ல அவனே நேரில் வந்தான்.

"ஆறு வயசுப் பிள்ளைங்கப்பா. விரல் வெச்சுப் படிப்பாங்க. உங்க எழுத்துல விரல் வெச்சா எங்க நிக்கறதுன்னு தெரியாது. ஒவ்வொரு மூலையிலயும் இடிக்கும்."

"உங்கம்மா சொல்லிக்கொடுத்து அனுப்பினாளா?"

"இல்லப்பா. நானே பிள்ளைங்களை உக்காரவெச்சு படிக்கச் சொல்லிப் பார்த்தேன்."

"இருபத்தஞ்சு வருஷமா ஊரே படிக்குதே."

"ஊர் பார்க்குதுப்பா. படிக்கலை." அப்புறம் சிரித்துக்கொண்டே, விளையாட்டாகத்தான், சொன்னான். "உங்க நாளை இப்ப பழைய நாளைப்பா. அந்தக் காலத்து ஆளுங்க எதிர்காலம் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சாங்களே, அது."

கத்தரியார் எழுந்து உள்ளே போய்விட்டார். பிறகு ஐந்து மாதம் மகனோடு பேசவில்லை. போன் வந்தால் மனைவியிடம் நீட்டுவார். பேசாமலிருப்பதிலும் அவர் ஒரு நேர்கோடு, ஓரிடத்திலும் வளையவில்லை.

ஐந்தாம் மாதக் கடைசியில், ராக்கெட்டுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று தொடங்கியது. அது நெஞ்சில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, மூன்றாம் நாள் அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைத்தது. அங்கே முதல் இரண்டு நாள் பேச முடிந்தது. அப்பா கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு."

ஐந்து மாதத்துக்கும் சேர்த்து இவ்வளவுதான் பேச்சு. அப்போதும் கத்தரியாருக்குச் சொல்வதற்கு ஒரு விஷயம் வாய் வரைக்கும் வந்து நின்றது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு திரை இருந்தது. இதயத்துடிப்பு, மூச்சு, இரத்தத்தில் பிராண வாயு எல்லாம் பச்சை எண்களில் ஓடும். அந்த எண்கள் அவர் வரைந்தவை. எட்டு வருஷத்துக்கு முன்னால், மருத்துவக் கருவி செய்கிற ஒரு கம்பெனி, வாசலில் நின்று பார்த்தாலும் எட்டும் பூஜ்யமும் குழம்பக் கூடாது என்று கேட்டு 'நாளை'யின் எண்களை வாங்கியிருந்தது. அவர் பூஜ்யத்தின் நாலு மூலையையும் சீவி, எட்டின் இடுப்பை இறுக்கிக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்த முதல் நொடியிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. பார்த்தியாடா, பழைய நாளையா இது, உன் துடிப்பை எண்ணிக்கிட்டிருக்கறதே என்னோட எழுத்துதான் என்று சொல்ல வேண்டும். இப்போது சொன்னால் சண்டையைத் தொடர்கிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வரட்டும். காரில் ஏறினதும் சொல்லலாம். என்ன பதில் சொல்வான், அதற்கு நாம் என்ன சொல்லலாம் என்றுகூட அவர் யோசித்து வைத்தார்.

அங்கே சேர்த்த மூன்றாம் நாள் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள்.

பதினோராம் நாள் காலை பத்தேகாலுக்கு அந்த எண்கள் இறங்கத் தொடங்கின. மருமகளும் மனைவியும் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தரியார் மட்டும் திரையைப் பார்த்தார். துடிப்பு மூன்று இலக்கத்திலிருந்து இரண்டு இலக்கத்துக்கு வந்தது. நாற்பத்தொன்று, முப்பத்தொன்று, இருபத்தொன்று. ஒன்று என்ற எண்ணுக்கு இடப்பக்கம் இடைவெளி கூடிப்போயிருக்கிறதே, அப்போது எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. பெற்ற பிள்ளை போகிற நேரத்தில் அது தோன்றியது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நினைவுக் கல் வைப்பதென்று முடிவானபோது, அதில் எந்த எழுத்து என்ற பேச்சு வந்தது. நகரத்து நினைவுத் தோட்டத்தில் ஓரமாக ஒரு மரத்தடியில் இடம் கிடைத்திருந்தது. கல் நடுகிற ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் வருவார்கள்.

"என் எழுத்து வேணாம்," என்றார் கத்தரியார். "அதுக்குத் துக்கம் தெரியாது. ஜிம் போர்டு மாதிரி இருக்கும்."

வளைவில் வரைய உட்கார்ந்தார். முப்பது வருஷம் நேர்கோடு போட்ட கைக்கு வளைவு வரவில்லை. நாற்பது தாளில் மகன் பெயரை எழுதினார். நாற்பதிலும் கன்னம் உப்பிய யாரோ ஒருவன் இருந்தான். மனைவி துணி வெட்டுகிற மேசையில் அவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தாள்.

"யாரோட பேரோ மாதிரி இருக்கு," என்றாள்.

"பேரு அதேதான்."

"பேரு அதேதான். ஆளு வேற." நாற்பதையும் அடுக்கி அவரிடம் கொடுத்தாள். "உங்க எழுத்துலயே போடுங்க. பிறந்ததுலேர்ந்து அவன் பேரை நான் அதுலதான் பார்த்திருக்கேன்."

"கீறும்னு சொல்வியே?"

"கீறட்டும்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் மூன்று நாள் அதில் உட்கார்ந்தார். மூன்று எழுத்தையும் தனித்தனியாக எடுத்து, கையாலேயே தள்ளித் தள்ளி இடைவெளி பார்த்து, படமாக அடுக்கினார். கீழே இரண்டு தேதி. ஒன்று என்ற எண்ணின் இடப்பக்க இடைவெளியை எழுத்துருவிலேயே குறைத்தார். தாளில் அச்செடுத்துக் கல் பட்டறையில் கொடுத்து, கையெழுத்தும் போட்டார். கூடவே பென் டிரைவில் படத்தையும் எழுத்துருவையும் போட்டுக் கொடுத்தார்.

கல் பட்டறை அம்மாள் முன்னால் நெருப்பு அணைக்கிற துறையில் இருந்தவள். தோளும் கையும் இன்னும் அதைச் சொல்லும். அவளுடைய பட்டறையில் ரப்பர் தாளில் எழுத்தை எந்திரம் வெட்டும். அதைக் கல்லில் ஒட்டி, மேலே மணலைப் பீய்ச்சி அடிப்பார்கள். ரப்பர் இல்லாத இடத்தில் கல் குழியும். அப்படித்தான் எழுத்து விழும்.

சனிக்கிழமை காலை கத்தரியாரும் மனைவியும் மருமகளும் கல்லை எடுக்கப் போனார்கள். பட்டறையில் எங்கும் மாவு அரைத்ததுபோல் வெள்ளைத் தூசி. நடுவில் சாம்பல் நிறக் கல் ஒரு மரச் சட்டத்தில் நிமிர்ந்து நின்றது. கத்தரியார் முதலில் தேதியைப் பார்த்தார். இடைவெளி சரியாக இருந்தது. அப்புறம் பெயரைப் பார்த்தார்.

கடைசி எழுத்தின் வாலில் மூன்று கோடுகள். ஒன்றைவிட ஒன்று குட்டை.

என்ன நடந்தது என்று அவருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. அவர் படமாக அடுக்கிக் கொடுத்ததை இங்கே திறக்க முடிந்திருக்காது. எழுத்துருவைப் போட்டு, தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயரையும் தேதியையும் புதிதாகத் தட்டியிருப்பார்கள். தட்டினதும் மூன்று எழுத்தும் கையைப் பிடித்துக்கொண்டு நெருப்பைக் கக்கியிருக்கின்றன. அவர் கையால் அடுக்கும்போது அது எழவே இல்லை. அவரும் அதை மறந்தே போயிருந்தார்.

"இது... தாள்ல இல்லையே," என்றார்.

பட்டறை அம்மாள் தாளை எடுத்துவந்து பார்த்தாள். முகம் மாறியது.

"உங்க ஃபைல் எங்க மெஷின்ல திறக்கலை சார். டைப் பண்ணினோம். இந்தக் கோடு தானா வந்துச்சு. தாள்ல இல்லைன்னு நான் பார்த்தேன், பார்க்காம இல்லை. எழுத்து வரைஞ்சவரே பையனோட அப்பா, அவர் வைக்காம எப்படி வரும்னு நினைச்சேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா."

"பண்ணத்தான் எடுத்தேன் சார். துக்க வீடு. பேருக்குப் பின்னால மூணு கோடு இருக்கலாமா வேணாமான்னு எப்படிக் கேக்கறது சொல்லுங்க. வெச்சிட்டேன்."



மனைவி கிட்டே வந்தாள். "என்னங்க இது, இறகா?"

"கோளாறு," என்றார் கத்தரியார். பல் டாக்டருக்கு எழுதின அதே பதில். "எழுத்துருவுல ஒரு கோளாறு. தேய்ச்சு எடுத்துடச் சொல்லலாம்."

"எடுக்கலாம் சார்," என்றாள் பட்டறை அம்மாள். "அந்த ஒரு இடத்தை மட்டும் தேய்ச்சா பள்ளமாத் தெரியும். கல்லோட மொத்த முகத்தையும் தேய்ச்சு இறக்கி, பேரைத் திரும்ப அடிக்கணும். சாயந்திரத்துக்குள்ள முடிச்சுத் தரேன். எங்க தப்புதான். இப்பவே மெஷினைப் போட்டாத்தான் ஆகும், என்ன சொல்றீங்க?"

"போடுங்க," என்றார்.

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யோசனை வந்தது. இந்தக் கோடு என்னவென்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவன் பெயர்தான் கல்லில் இருக்கிறது. இதைத் தேய்த்துவிட்டால், பிறகு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதற்குக் கத்தரியாரின் மண்டையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. விட்டால், நாளைக்கு உறவு ஜனமெல்லாம் இது என்ன என்று கேட்கும்.

"இருங்க," என்றாள் மருமகள்.

கைப்பையைத் துழாவி, ஒரு சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சின்ன அட்டை தொங்கியது. அட்டையில் 'நாளை'யில் அவன் பெயர். வாலில் மூன்று கோடுகள்.

"இது கோளாறு இல்ல மாமா. அவர் எப்பவும் இப்படித்தான் அடிப்பார். சாப்பாட்டு டப்பாவுல, ஹெல்மெட்டுல, மின்சாரப் பெட்டி மூடியில, எல்லாத்துலயும். என்ன இதுன்னு நானும் ஏழு வருஷமா கேக்கறேன். சிரிப்பார். எங்கப்பாவைக் கேளும்பார். உங்களைக் கேக்க எனக்கு பயம்."

கத்தரியார் அட்டையை வாங்கினார். ஓரம் இன்னும் தேயவில்லை.

"இது எப்ப அடிச்சதும்மா?"

"பூட்டு மாத்தினப்போ. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

இரண்டு வாரம் முன்னாடி. இவர் போனை மனைவியிடம் நீட்டிக்கொண்டிருந்த காலம். அவன் அங்கே பழைய நாளையை எடுத்துத் தன் பெயரை அடித்து, நெருப்பு வந்ததைப் பார்த்து, கத்தரித்து, உறை போட்டு, சாவியில் மாட்டியிருக்கிறான். கட்டின பெண்டாட்டியிடம்கூட என்னவென்று சொல்லவில்லை. எச்சில் தொட்டுச் செய்த சத்தியம்.

"கேளு," என்றார் மருமகளிடம். "இப்பக் கேளும்மா."

"என்னது மாமா அது?"

"நெருப்பு. ராக்கெட்டுக்கு நெருப்பு வேணும்னு கேட்டான்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்பது வயது, இரண்டு நாள் யோசனை, உள்ளங்கை எச்சில், பற்றி எரிந்த பல் டாக்டர் எல்லாம். சொல்லும்போது கை தானாகவே காற்றில் மூன்று சாய்வு போட்டுக் காட்டியது. பட்டறை அம்மாள் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கேட்டாள். பல் டாக்டர் வந்த இடத்தில் மருமகள் சிரித்தாள், சிரித்தபடியே புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

மனைவி சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நான் வந்து கேட்டேனே," என்றாள். "மெஷினை நிறுத்திட்டு வந்து கேட்டேன். ரெண்டு பேரும் கூரையைப் பார்த்தீங்க."

"விளையாட்டுக்குத்தான்..."

"அவன் உயிரோட இருக்கும்போது எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்ல. ஒரு தடவையாவது அவனோட சேர்ந்து சிரிச்சிருப்பேன். இப்ப கல்லுக்கு முன்னாடி நின்னு சிரிக்கவா?"

அவள் கல்லருகே போய் உட்கார்ந்தாள். ஊசி பிடித்துக் காய்த்த விரலை முதல் கோட்டுக்குள் வைத்து இழுத்தாள். பிறகு இரண்டாவது. பிறகு குட்டையான மூன்றாவது. மணல் அடித்த குழியின் ஓரம் கூராகத்தான் இருந்தது. விரல் நுனியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு, துடைக்காமல், நாலாவது தடவையாகவும் விரலை வைத்தாள்.

"மெஷினைப் போடவா, வேணாமா அம்மா?" என்று பட்டறை அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம். இருக்கட்டும்." எழுந்திருக்காமலேயே சொன்னாள். "நாளைக்கு யாராவது கேட்டா நான் சொல்லிக்கறேன். நீங்க சொல்ல வேணாம்."

கடைசி வார்த்தை கத்தரியாருக்கு. அவர் சரி என்று தலையாட்டினார்.

கல்லை இரண்டு கம்பளியில் சுற்றி, நிமிர்ந்தவாக்கில் வேனில் ஏற்றினார்கள். மனைவி முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கத்தரியாரும் மருமகளும் பின்கதவு ஓரம் நின்றார்கள்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றார். "ஆஸ்பத்திரியில கட்டிலுக்கு மேல பச்சை நம்பர் ஓடிச்சே. அது என்னோடது. நான் வரைஞ்சது. முதல் ரெண்டு நாள் முழிச்சிட்டுத்தானே இருந்தான். அவன் அதைப் பார்த்தானா? ஏதாவது சொன்னானா?"

அவள் யோசித்தாள். வசதிக்காக ஒரு பொய் சொல்லத் தெரியாத பெண்.

"அது அவர் தலைக்குப் பின்னாடியில்ல இருந்தது மாமா. நமக்குத்தான் தெரியும். படுத்திருக்கறவங்களுக்குத் தெரியாது."

"ஆமா," என்றார் கத்தரியார். "தலைக்குப் பின்னாடிதான்."

"நீங்க அவர்கிட்டச் சொல்லலையா?"

"வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் அவர் கையிலிருந்த சாவிக்கொத்தைத் திரும்ப வாங்கவில்லை. முன்னால் போய் அத்தைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

அவர் பின்னால் ஏறிக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பளி ஓரிடத்தில் விலகி, தேதிக்குள் இருந்த பூஜ்யத்தின் சீவிய மூலை ஒன்று வெளியே தெரிந்தது. இழுத்து மூடினார். வண்டி கிளம்பியது. பின்கதவுக் கண்ணாடியில் தெரு பின்னோக்கி ஓடியது. உடற்பயிற்சிக் கூடம், மோட்டார் சைக்கிள் கடை, செல்போன் உறைக் கடை. ஒவ்வொரு பலகையிலும் அவனுடைய தோளோ காலோ வந்து வந்து போயிற்று. கத்தரியார் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. திருப்பங்களில் கல் ஆடிவிடாமல், தோட்டம் வரைக்கும் அதன் முதுகில் கை வைத்தபடியே போனார்.